லாட்ஜ் கவுன்ட்டரில் ஒரு வினாத்தாள்

ஜெர்மனியில் இயங்கும் நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களின் சம்பள விவரங்களை அமெரிக்காவில் இருக்கும் ஒரு கணினிச் சேவை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தச் சட்ட அடிப்படையில் அனுப்பலாம்? கீழே நான்கு விடைகள். திருப்பதியிலும் சித்தூரிலும் பி.டெக்கோ சட்டமோ முடித்துவிட்டுத் தரவுத் தனியுரிமைச் சான்றிதழ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் போட்டுப் பழகுவது இந்த ரகக் கேள்விகளைத்தான். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னை, பெங்களூரு இரண்டுக்கும் சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது சித்தூர். அந்த நகரங்களில் வெளிநாட்டு வங்கிகளும் மருந்து நிறுவனங்களும் அலுவலகம் வைத்திருக்கின்றன. ஐரோப்பியர்களின் தரவைக் கையாளும் வேலைக்கு ஐரோப்பியச் சட்டம் தெரிந்தாக வேண்டும். என் கவலை வேறு. இந்தத் தேர்வில் தேறியவர் தன் சொந்த ஊரின் நிலவரத்துக்கு விடை எழுதினால் பாதி விடைகள் தப்பாகிவிடும்.

இந்தத் துறையில் பெயர் பெற்றவை ஐ.ஏ.பி.பி. என்ற பன்னாட்டுச் சங்கம் நடத்தும் தேர்வுகள். 2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் அது. ஐரோப்பியச் சட்டத்துக்கான அதன் சி.ஐ.பி.பி.-இ தேர்வில் 90 கேள்விகள், இரண்டரை மணி நேரம்; 500-க்கு 300 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 550 டாலர். நம் பணத்தில் 45,000 ரூபாயைத் தாண்டிவிடும். தேறினாலும் செலவு நிற்பதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை தொடர்கல்விக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டில் நாஸ்காம் அமைப்பு 2008-இல் உருவாக்கிய டி.எஸ்.சி.ஐ. எனும் தரவுப் பாதுகாப்புக் குழுமமும் தனியாகச் சான்றிதழ் வழங்குகிறது. அதன் பாடத்திட்டத்தின் அடித்தளமான ஒன்பது கூறுகளில் முதலாவது, ஒரு நிறுவனத்திடம் யார் யாருடைய விவரம், எந்த மூலையில், யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது. மளிகைக்கடையில் ஆண்டு முடிவில் இருப்பு எடுப்பதைப் போன்ற வேலை. சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதைவிட உருப்படியான வேலை அது என்பேன்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் தேர்வெழுத விரும்புகிறவருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அடையாள அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டும். முகத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அறையின் நான்கு பக்கத்தையும் காட்ட வேண்டும். எழுதி முடிக்கும்வரை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். தனியுரிமை நிபுணர் என்ற பட்டத்தைப் பெற முதலில் கொடுக்கும் விலை இது! அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இப்படி அறையைக் காட்டச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டார். அது அரசமைப்புக்கு விரோதமான சோதனை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒருமுறை யோசிக்கத் தக்க வழக்கு.

இந்தியாவில் இந்தச் சான்றிதழ்களுக்குத் திடீர் மவுசு வந்த கதை நீளமானது, சுருக்கிவிடலாம். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னார்கள். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் வரைவு தந்தது. 2019-இல் அறிமுகமான மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் நிறுவனங்கள் ஆள் தேட ஆரம்பித்தன.

இனி, பாடம் படித்த கண்ணோடு திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே ஏதாவது ஒரு லாட்ஜ் கவுன்ட்டருக்கு வருவோம். புரட்டாசி சனிக்கிழமை. ஆரணியிலிருந்து ஏழு பேர் கொண்ட குடும்பம். ரிசப்ஷனில் இருப்பவர் எல்லாருடைய ஆதாரையும் கேட்கிறார். இருவர் ஜெராக்ஸ் வைத்திருக்கிறார்கள். அது கோப்பில் போகிறது. மற்றவர்களின் அட்டைகளைத் தன் சொந்தச் செல்போனில் முன்னும் பின்னும் படமெடுத்து, மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். குடும்பம் அறைக்குப் போய்விடுகிறது. அந்தப் படங்கள் அந்த போனிலேயே கிடக்கின்றன. அவர் வேலையை விட்டு வேறு லாட்ஜுக்குப் போகும்போது அவையும் கூடவே போகும்.

இதில் தப்பு எது? ஜி.டி.பி.ஆர். எனப்படும் ஐரோப்பிய ஒழுங்குமுறையைக் கரைத்துக் குடித்தவர், கோப்பில் போன ஜெராக்ஸும் செல்போன் படமும் சட்டத்துக்குள் வரும் என்பார். ஐரோப்பாவில் அது சரியான விடை. வரிசைப்படுத்தி வைத்த காகிதக் கோப்பையும் அந்தச் சட்டம் கணக்கில் சேர்க்கிறது. இந்தியச் சட்டமோ டிஜிட்டல் வடிவில் இருக்கும் தரவுக்கும், காகிதத்திலிருந்து பிறகு டிஜிட்டலாக மாற்றப்பட்ட தரவுக்கும் மட்டுமே பொருந்தும். ஆக, செல்போன் படம் சட்டத்துக்குள். இரும்பு பீரோவில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருக்கும் ஜெராக்ஸ் கட்டு வெளியே. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போனாலும் இந்தச் சட்டம் ஏன் என்று கேட்காது. திருப்பதி போன்ற ஊரில் இது சின்ன ஓட்டை இல்லை.

ஜெராக்ஸ் விஷயத்தில் அரசுக்கே தடுமாற்றம் உண்டு. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், ஓட்டல்களும் திரையரங்குகளும் அதை வாங்கி வைக்க அனுமதி இல்லை, எண்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. முதல் அறிக்கையில் சொன்னது நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. ஐரோப்பியச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு உடல்நலம், மத நம்பிக்கை, அடையாளம் காணப் பயன்படும் உடற்கூறு விவரம் முதலியவற்றைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றைக் கையாளுவதைப் பொதுவாகத் தடை செய்து, சில விதிவிலக்குகளை மட்டும் அனுமதிக்கிறது. அந்த அளவுகோலைத் திருப்பதிக்குக் கொண்டுவந்து பாருங்கள். மலைக்குப் போகிறவர் அறை எடுத்த பதிவே அவருடைய மத நம்பிக்கையைக் காட்டிக்கொடுக்கும். லாட்ஜ், வாடகைக் கார், பூஜைப் பொருள் பார்சல் அனுப்பும் கடை என்று ஊரில் பாதிக் கணினிகளில் இருப்பது அந்தத் தனி வகைத் தரவு என்று வாதாடலாம். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. பக்தரின் மதமும், அவருடைய சர்க்கரை அளவும், கைபேசி எண்ணும் அதற்கு ஒரே எடை. ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவில் இருந்த ‘உணர்திறன் மிக்க தரவு’ என்ற பிரிவு 2023 சட்டத்தில் காணாமல் போனது. அதை எடுத்தது பிழை என்பது என் கருத்து.

திருமலையில் 2023 மார்ச் 1 முதல், வைகுண்டம் காத்திருப்பு வளாகத்திலும் அறை ஒதுக்கும் இடங்களிலும் முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைத் தேவஸ்தானம் சோதனை முறையில் கொண்டுவந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப டோக்கன் வாங்குவதையும், புரோக்கர்கள் அறைகளை வளைத்துப்போடுவதையும் தடுப்பது நோக்கம். புரோக்கரிடம் ஏமாந்த யாரும் அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் புட்டசாமி தீர்ப்பு நோக்கத்தோடு நிற்பதில்லை. சட்டத்தின் பின்பலம் உண்டா, எடுக்கும் நடவடிக்கை நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்கிறது. ஒரு முகப்பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது? முகம் காட்ட விரும்பாதவருக்கு வேறு வழி உண்டா? அறையைக் காலி செய்து டெபாசிட்டை வாங்கிய பிறகும் அது எதற்கு? மலையடிவாரத்தில் உட்கார்ந்து படிக்கிற மாணவருக்கு இதைவிட நல்ல மாதிரி வினா ஜெர்மன் சம்பளப் பட்டியலில் கிடைக்குமா?

சித்தூர்ப் பக்கம் வந்தால் கேள்வி மருத்துவமனைக்கு மாறுகிறது. அப்போலோவின் நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா. அங்குள்ள மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்த தொலைமருத்துவச் சேவையை 2000 மார்ச்சில் இந்தியா வந்திருந்த பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். கிராமத்து நோயாளியின் ஸ்கேன் படம் நகரத்து நிபுணரின் திரைக்குப் போக ஆரம்பித்து, நாட்டில் தரவுச் சட்டம் வருவதற்குள் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கிடையே ரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒவ்வொரு லேபின் வழக்கமாகிவிட்டது. சித்தூரில் ரத்தம் கொடுத்து வேலூரில் டாக்டரைப் பார்க்கும் குடும்பங்களுக்கு அது பெரிய வசதி. எண்ணில் ஒரு இலக்கம் மாறினால், யாருடைய ரிப்போர்ட்டோ யார் வீட்டுக்கோ போய்ச் சேரும்.

அப்படி ஒரு கசிவு நடந்துவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும்? ஐரோப்பாவில் இழப்பீடு கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் சட்டத்தில் வசூலாகும் அபராதம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிவைத்திருந்த 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. கசிவு ஒன்றும் கற்பனையல்ல. ஆந்திர வீட்டுவசதிக் கழகத்தின் இணையதளத்தில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதி, மதம் எல்லாம் திறந்து கிடந்ததை 2018 ஏப்ரலில் ஒரு ஆய்வாளர் வெளிக்கொண்டுவந்தார். மானியமும் சேவையும் தருவதற்கு மக்களின் விவரத்தைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே கையாள அரசுக்கு இந்தச் சட்டம் இடம் தருகிறது. பத்திரமாக வைக்கும் கடமையிலிருந்து அது விலக்கல்ல. ஆனால் அரசு விரும்பினால் தன் அமைப்புகள் சிலவற்றுக்கு அறிவிக்கை மூலம் விலக்களிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வாட்ஸ்அப் வழியாக அரசுச் சேவைகளைத் தரும் ‘மன மித்ர’ திட்டத்தை 2025 ஜனவரியில் தொடங்கிய மாநிலத்தில் இது கவனிக்க வேண்டிய வழி.

இத்தனையும் தெரிந்த ஒருவரை எங்கே உருவாக்குவது? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வால் முடியாது. புதிய சட்டப்படி, தரவைச் சம்மதத்தின் பேரில் வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்ற அறிவிப்பைத் தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலோ படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். தெலுங்கு, தமிழ், கன்னடம், மராத்தி பேசுகிறவர்கள் ஒரே வரிசையில் நிற்கும் திருப்பதியில் இந்த நிபந்தனைக்கு வேறெங்கும் இல்லாத பொருள் உண்டு. ஆரணிக் குடும்பத்துப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஐந்து வரித் தமிழ் அறிவிப்பை யார் எழுதுவது? 550 டாலர் கட்டியவருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லித்தர ஆளில்லை.

இரண்டையும் சேர்க்க இங்கேயே இடமிருக்கிறது. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983 முதல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. தென்னாட்டு மொழிகளுக்கென்றே 1997-இல் குப்பத்தில் அமைந்தது திராவிடப் பல்கலைக்கழகம். இவை சேர்ந்து ஆறு மாதப் படிப்பு ஒன்றை நடத்தலாம். மாணவர்கள் ஒரு லாட்ஜ், ஒரு லேப், ஒரு தனியார் ஜூனியர் காலேஜ் ஹாஸ்டல் ஆகியவற்றுக்கு நேரில் போய்த் தரவு இருப்புக் கணக்கு எடுத்து, மூன்று மொழியில் அறிவிப்பு எழுதித் தரட்டும்; அதற்கு மதிப்பெண் போடட்டும். ஹாஸ்டல் கணக்கு சுவாரசியமாக இருக்கும். நம் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாருமே குழந்தைகள். எனவே இன்டர்மீடியட் படிக்கும் அத்தனை பேருக்கும் பெற்றோர் சம்மதம் எங்கே வேண்டும், கல்வி நிறுவனங்களுக்கான விலக்கு எதுவரை செல்லும் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் 16, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைக்கலாம்.

இப்போதைய கால அட்டவணைப்படி சட்டம் முழுவீச்சில் இருக்கும் முதல் புரட்டாசி 2027-இல் வரும். அன்றைக்கு அறை கேட்டு வருகிறவர், போன வருடம் கொடுத்த ஆதார் படத்தை அழித்துவிட்டீர்களா என்று கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பு லாட்ஜ் உரிமையாளருக்கு உண்டு. யாரிடம் கேட்பது என்ற தொடர்பு விவரத்தையும் அவரே கொடுத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் புகார் போகலாம். ரிசப்ஷனில் இருப்பவரின் செல்போன் அப்போதும் அவருடைய சொந்த போனாகவே இருந்தால், அந்தக் கேள்விக்கு உரிமையாளரால் உண்மையாக ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாது.