மாதக் கட்டணமும் சொந்தக் கூரையும்

தாராவியிலும் சயானிலும் நாம் செல்லும் கூட்டங்களிலெல்லாம் இப்போது ஒரே பேச்சுத்தான். "மாடி வீடு கொடுக்கிறார்களாம், சரி. மாதா மாதம் பராமரிப்புப் பணம் கட்டச் சொல்வார்களே, அதற்கு எங்கே போவது? இருக்கிற வீட்டுக்கு இத்தனை நாளும் யாரிடம் கட்டணம் கட்டினோம்?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சதுர அடியைப் பற்றி மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

இருக்கிற வீட்டுக்குச் செலவே இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் தார்ப்பாய் வாங்குகிறோமே, அது எந்தக் கணக்கு? சந்தில் புதிதாகக் கல் பதித்து மட்டம் உயர்ந்துவிட்டால், மழைத் தண்ணீர் உள்ளே வராதிருக்க நாம் வீட்டுத் தரையை உயர்த்துகிறோம். தரை உயர்ந்தால் கூரை தலையில் இடிக்கிறது, கூரையையும் உயர்த்துகிறோம். கொத்தனார் கூலி, சிமெண்டுத் தகடு, தண்ணீர் மோட்டார், பொதுக் கழிப்பறைக்குக் கொடுக்கும் காசு என்று பட்டியல் நீளும். விடியுமுன் எழுந்து குழாயடியில் நிற்கும் பெண்ணின் தூக்கத்துக்கு விலை போட எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது.

ஆனாலும் அந்தச் செலவுக்கும் மாடிவீட்டுச் செலவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே நம் கை வசதிதான் தேதி குறிக்கிறது. காசிருந்தால் தகடு, இல்லையேல் தார்ப்பாய். சீட்டுப் பணம் வந்தபின் தரை. அடுக்குமாடியில் லிப்டுக்கும் பம்புக்குமான மின்கட்டணம் மாதம் தவறாமல் வந்து நிற்கும். நாட்கூலித் தோழனுக்கு வேலை கிடைத்ததா என்று அது விசாரிக்காது. நிலுவை வைத்தால், ஆண்டுக்கு 21 விழுக்காடு வரை வட்டி போடக் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களின் மாதிரி விதிகள் இடம் தருகின்றன. தரைத்தளத்தில் குடியிருப்பவரும் லிப்டுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். மாதம் 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 18,000. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் வீடு பெற்ற நம்மவர் சிலர், அதை வாடகைக்கு விட்டுவிட்டு வேறொரு குடிசைக்கே திரும்பியது சோம்பலாலோ பேராசையாலோ என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அரசுக்கு இது தெரியாததன்று. பழைய மறுவாழ்வு விதியின்படி, கட்டுமான நிறுவனம் ஒரு குடியிருப்புக்கு 20,000 ரூபாய் வீதம் பராமரிப்பு வைப்புநிதி கட்ட வேண்டும். வங்கி 6 விழுக்காடு வட்டி தருவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 1,200. மாதத்துக்கு 100 ரூபாய். காவற்காரருக்குத் தேநீர் வாங்கித் தரலாம்! 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 2022-இல் மும்பையில் மாநில அரசு சொத்துவரியைத் தள்ளுபடி செய்தது உண்மையில் உதவியான செயல். அதை மறைக்க வேண்டியதில்லை.

தாராவித் திட்டத்திலோ, தகுதி பெற்றோருக்கு 350 சதுர அடி வீடு என்றும், முதல் 10 ஆண்டுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை என்றும் அறிவித்திருக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் புதுக் கட்டடம் முதல் பத்தாண்டில் என்ன செலவு வைக்கும்? லிப்ட் தேய்வதும், மொட்டைமாடி ஒழுகுவதும், குழாய் துருப்பிடிப்பதும் அதற்குப் பிறகுதான். இலவசம் முடிகிற ஆண்டும் பழுது தொடங்குகிற ஆண்டும் ஒன்றாகவே வந்து சேரும். கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் கால் விழுக்காடு மூலதன நிதிக்கும் முக்கால் விழுக்காடு பழுதுபார்ப்பு நிதிக்கும் எடுத்து வைக்க வேண்டுமென்கின்றன மாதிரி விதிகள். வீடொன்றுக்குப் பத்து இலட்சம் செலவாயிற்று என்றால், இரண்டுமாக ஆண்டுக்குப் பத்தாயிரம். அந்தப் பத்தாண்டும் இந்தத் தொகையை யார் செலுத்துவார்? இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டடத்தில் ஒரு பகுதியைக் கடைகளாக வாடகைக்கு விட்டு, அந்த வருவாயில் பராமரிப்பை நடத்தலாம் என்ற யோசனையை நாம் வரவேற்கிறோம். வாடகை யார் கணக்கில் சேரும், ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவர் என்பதுதான் நம் கேள்வி. வீட்டிலேயே மாவரைத்து, இட்லி அவித்து, கூடையில் சுமந்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஏழாவது மாடியில் மாவரைக்கும் இயந்திரத்துக்கு இடமுண்டா? வருவாயை நிறுத்திவிட்டுக் கட்டணத்தைத் தொடங்கினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

"இந்தத் தொல்லையே வேண்டாம், பத்லாபூர்ப் பக்கம் தனி வீடு கட்டிக்கொள்கிறேன்" என்கிறார் ஓர் அன்பர். கட்டட்டும். ரயில் பாசையும், கிணற்று மோட்டாரையும், தனியாளாகக் கூரை ஒழுக்கலுக்குக் கொத்தனாரைத் தேடும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

செம்பூர், மாதுங்காவில் ஏற்கெனவே சங்கக் கட்டடங்களில் வாழும் நம்மவருக்கும் ஒரு சொல். கட்டணம் உயர்ந்துவிட்டதென்று படிக்கட்டில் நின்று பேசுகிறோம். செப்டம்பர் 30-க்குள் கூட்டப்பட வேண்டிய ஆண்டுப் பொதுக்குழுவுக்கு மட்டும் போவதில்லை. தணிக்கை அறிக்கை மராத்தியில் இருந்தால் என்ன? மராத்தி படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, எந்த வங்கியில் இருக்கிறது, லிப்ட் ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை பேரிடம் விலை கேட்டுக் கொடுக்கப்பட்டது என்று எழுந்து கேளுங்கள். தாராவித் தோழர்கள் ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன், பதினோராம் ஆண்டின் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.