வலிக்காத நோய்க்கு நாள் குறித்து வையுங்கள்

வலி இருந்தால் எவரும் மருத்துவமனைக்கு வர மறப்பதில்லை. வலி இல்லாத நோய்களில்தான் வருகை தவறுகிறது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்படும்போது தொடக்கத்தில் பார்வை மங்குவதில்லை. ஆகவேதான் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் பரிசோதனை வேண்டும் என்கிறோம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபாரின் உட்கொள்பவருக்கு, இரத்தம் உறையும் தன்மை மாறுவது உடலில் தெரியாது. ஐஎன்ஆர் பரிசோதனை தவறினால், இரத்தக் கட்டியோ இரத்தக்கசிவோதான் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

இத்தகைய நோய்களில் உடல் நினைவூட்டாது. எழுத்துதான் நினைவூட்ட வேண்டும். இதற்கெனப் பல செயலிகள் உள்ளன. எனினும், நான் பரிந்துரைப்பது அவற்றினும் எளியது: கணினியிலோ கைபேசியிலோ வெறும் எழுத்து மட்டும் கொண்ட ஒரே ஒரு கோப்பு. விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேட் போதும். கட்டணமில்லை, இணையம் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். கைபேசியை மாற்றினாலும் அதே கோப்பு திறக்கும்.

ஒரு வருகைக்கு ஒரு வரி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி தொடங்கட்டும்:

2025-09-08 திங்கள் காலை 10 மணி: நீரிழிவுப் பிரிவு. ஹெச்பிஏ1சி எடுக்க வேண்டும். பழைய அறிக்கை கொண்டுசெல்ல வேண்டும்.

3-4-2025 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம் எழலாம். மேற்கண்ட முறையில் அதற்கு இடமில்லை. வருகை முடிந்ததும் அந்த வரியை அழிக்காதீர்கள். அதன் கீழே பரிசோதனை முடிவு, மாற்றிய மருந்தின் அளவு, அடுத்த தேதி ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். சில மாதங்களில் அதுவே உங்கள் நோய் வரலாறாகிவிடும். எந்த மருந்தை எப்போது நிறுத்தினோம் என்பதை, மருந்தின் பெயரைத் தேடினாலே கண்டுபிடித்துவிடலாம். மருத்துவரிடம் கேட்க விரும்பும் ஐயங்களையும் அடுத்த வருகையின் வரியிலேயே குறித்து வைக்கலாம்.

இதற்கு ஒரு குறை உண்டு: கோப்பு மணியடித்து எழுப்பாது. ஆகவே, நாள்தோறும் குறித்த ஒரு நேரத்தில், காலை மருந்து உட்கொள்ளும்போதே, அதைத் திறந்து பாருங்கள். முதியவர்களுக்கு இப்பணியை மகனோ மகளோ பேரப்பிள்ளையோ ஏற்கலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு படி அனுப்பி வைப்பது நல்லது. கைபேசி பழுதானாலும் பதிவு அழியாது. வங்கி விவரங்களையும் கடவுச்சொற்களையும் மட்டும் அதில் எழுத வேண்டாம்.

கைபேசி பழக்கமில்லாதவர்கள் இதையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம். ஆனால், அதுவும் ஒன்றாகவே இருக்கட்டும். பத்துச் சீட்டுகளில் சிதறிக் கிடக்கும் தேதி, தேவைப்படும் நாளில் கண்ணில் படாது.