பரீட்சை அட்டையும் 2பி பென்சிலும் போதும்!



"படம் வரையணும்னா காசு வேணும்பா" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மினி டிராஃப்டரும் டிராயிங் போர்டும் பாடத்துக்குத் தேவைதான். ஆனால் வயல் வரப்பில், பஸ் ஸ்டாண்டில், பெரிய கோயில் பிராகாரத்தில் வரைய அவை உதவாது. வெளியே போகும்போது எதை எடுத்துப் போவது?

மூன்றே சோதனைகள் வைப்போம். டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கொண்டுபோக முடியுமா? ஐப்பசி மழைக்குத் தாங்குமா? தீர்ந்துபோனால் நம்ம ஊர்க் கடையிலேயே கிடைக்குமா?

மூன்றிலும் தேறுவது பென்சில். 1795-ல் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இருந்தன. இங்கிலாந்து கிராஃபைட் வராமல் போகவே, கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பென்சில் செய்தார். களிமண் கூடினால் கடினமான, வெளிறிய கோடு; அது ஹெச் வகை. குறைந்தால் மென்மையான கறுப்புக் கோடு. அது பி வகை. டிராயிங் ஹாலுக்கு 2ஹெச் என்றால், வெளியே 2பி. கிராஃபைட் தண்ணீரில் கரையாது. ஸ்கெட்ச் பேனா மையோ ஒரு தூறலுக்கே ஓடிவிடும்!

பரீட்சை அட்டையில் ஒரு பக்கம் அச்சான தாள்களைச் செருகிக்கொள்ளுங்கள். ஒரு பிளேடு, எல்லாவற்றையும் மூட ஒரு பாலிதீன் பை. வண்ணத்தில் ஆசையா? சின்ன வாட்டர் கலர் கேக் பெட்டியும் ஒரு பிரஷும் போதும். தண்ணி பாட்டில் மூடியே கிண்ணம்.

"போன்லயே போட்டோ எடுத்துடலாமே?" எடுக்கலாம். ஆனால் ஒரு மதகை வரைய உட்கார்ந்தால்தான் திருகுத் தண்டு எப்படிச் சுற்றுகிறது, ஷட்டர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்ற கேள்வியெல்லாம் வருகிறது. ஓவியர் சில்பி ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். கேமரா இருந்த காலம்தான் அதுவும்!

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா கூலி விவசாயி. "படம் போட்டா சோறு கிடைக்குமாடா?" என்று கேட்டவர்தான். எங்க ஊர் வாய்க்கால் மதகை வரைந்து அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மதகுக்குக் கீழே பரப்பியிருக்கும் கல்லைத் தொட்டு, "இது எதுக்குன்னு தெரியுமா? இது இல்லேன்னா தண்ணி விழுற வேகத்துல மண்ணை அரிச்சு மதகையே சாய்ச்சுப்புடும்" என்றார். இரண்டாம் ஆண்டில் நான் படிக்கும் பாடம் அது! என் புத்தகத்தைப் பார்த்து அவரால் பேச முடியாது. என் படத்தைப் பார்த்துப் பேச முடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன். பழைய செங்கல் மதகுகள் போய்க் கான்கிரீட் வந்துகொண்டிருக்கிறது. அவற்றின் சூட்சுமம் தெரிந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். நம் பேரவை மாதம் ஒரு நாள் வெளியே போய் வரையும் நாளாக வைக்கட்டும். ஸ்டோரில் 2பி பென்சிலும் உதிரித் தாளும் விற்கட்டும். செலவு ஒரு டீ, வடைக்கு மேல் போகாது. வரைந்ததை முதலில் வீட்டில் காட்டுவோம்!

- இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்