எனக்குப் பிறகு யார்?

"எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" அறிவு வளர்ச்சியில் குறையுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேட்கிறவரின் துக்கம் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. இவன் தானாக எதையும் செய்துகொள்ள மாட்டான் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டுக் கேட்கிற கேள்வி அது.

நம் நடுத்தரக் குடும்பங்களில் முப்பது வயது ஆண்பிள்ளையைக் 'குழந்தை' என்கிறோம். அம்மா சோறு பிசைந்து கொடுக்கிறாள். அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறார். வருகிற விருந்தாளி, "தெய்வக் குழந்தை!" என்று பெருமூச்சு விட்டுவிட்டுக் காபியைக் குடிக்கிறார். தெய்வமாக்கிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியந்தான். தெய்வத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம். 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கவும் வேண்டாம்!

மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். உப்பு ஒரே நாளில் விளைந்துவிடுவதில்லை. உவர்நீரை முதலில் ஓரிடத்தில் தேக்குகிறார்கள். வெயிலில் சுண்டியதும் அடுத்த பாத்திக்கு விடுகிறார்கள். பதம் வந்த பிறகே கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கிறது. முதல் பாத்தியைப் பார்த்து, 'இது வெறும் தண்ணீர்' என்று யாரும் மடையைத் திறந்து கடலுக்கே அனுப்புவதில்லை.

கற்றுக்கொடுப்பதும் பாத்தி பாத்தியாகத்தான். பஸ்ஸில் தனியாகப் போக வேண்டுமா? முதலில் அம்மா பக்கத்தில் உட்காரட்டும். சில்லறையை மட்டும் அவன் கையால் கண்டக்டரிடம் கொடுக்கட்டும். பிறகு இரண்டு சீட்டு தள்ளி உட்காரட்டும். பிறகு இறங்குமிடத்தில் போய்க் காத்திருக்கட்டும். வாரக் கணக்கு மாதமாகலாம்; மாதம் வருஷமாகலாம். பெரிய வேலையைச் சிறு படிகளாக உடைத்துச் சொல்லித் தருவது சிறப்புக் கல்வியின் அரிச்சுவடி. மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் போகிற அதே சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-இலிருந்து இருக்கிறது. வழி கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

"வழியில் தொலைந்துபோனால் என்ன சார் செய்வது?" என்று மரக்காணத்துத் தகப்பனார் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான பயம். சட்டைப் பையில் விலாசமும் போன் நம்பரும் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கட்டும். அதையும் மீறி ஒருநாள் தவறலாம். ஆனால் நாற்பது வயதில் அம்மா திடீரென்று கண்ணை மூடிவிட்டால், தாயையும், வீட்டையும், காலைக் காபியையும் ஒரே நாளில் தொலைப்பானே, அந்தத் தொலைவுக்கு என்ன பதில்?

சட்டம் நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நோக்கங்களில் முதலாவது, இவர்கள் தங்கள் சமூகத்தின் நடுவிலேயே இயன்றவரை சுதந்திரமாகவும் முழுமையாகவும் வாழ வகை செய்வது. பெற்றோர் மறைவுக்குப் பிந்திய பாதுகாப்பு சில வரிகள் தள்ளித்தான் வருகிறது. நாமோ அந்தப் பின்வரியை மட்டும் வாசித்துவிட்டு, முதல் வரியை மறந்துபோகிறோம். பாதுகாவலர் வேண்டுமென்று மனுப் போட்டால்கூட, அது தேவைதானா, எதற்குத் தேவை என்று உள்ளூர்க் குழு ஆராய வேண்டும் என்கிறது அதே சட்டம். 2016-ஆம் வருஷச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவிகிதம் ஒதுக்கி, அதில் 1 சதவிகிதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியவை உள்ளவர்களுக்கென்று வைத்திருக்கிறது. வீட்டில் பொத்தான் போடவே விடாத நாம், அந்த ஒன்றுக்கு யாரை அனுப்பப் போகிறோம்?

தவறாக எண்ண வேண்டாம். பிள்ளைகளை உப்பளத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணைக் கூசும் வெள்ளை, காலைப் புண்ணாக்கும் நீர், மழைக்காலத்தில் இல்லாமல் போகிற கூலி, இவை எந்த மனிதனுக்குமே நியாயமல்ல. மெழுகுவர்த்தி செய்ய வைத்து, கூலிக்குப் பதில் லட்டுக் கொடுக்கிற தருமமும் வேண்டாம். வேலை என்றால் கூலி. கூலி என்றால் அவன் கையில். எந்நேரமும் துணை வேண்டியவர்களும் உண்டு. அவர்களுக்கும் இன்று எந்தச் சட்டை என்று சொல்கிற உரிமை உண்டு.

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி: பாத்திரங்களைத் தன் இஷ்டப்படி நடத்தலாம். பெற்றவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. இந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் கிடையாது.

'எனக்குப் பிறகு யார்?' என்பதைத் தள்ளி வையுங்கள். 'நான் இருக்கும்போதே இவன் எதைத் தானாகச் செய்யலாம்? தெருவில் யார் யாருக்கு இவனைத் தெரியும்?' என்று கேளுங்கள். நாளைக் காலையில் பையைக் கொடுத்து, ஒரு பாக்கெட் உப்பு வாங்கிவரச் சொல்லுங்கள். மீதிச் சில்லறை குறையலாம். மறுநாளும் அனுப்புங்கள்.