வானிலிருந்து பார்த்தால் வெறுங்கரை

நகரத் திட்டம் வரைபடமாக வருமுன்னே படமாக வந்துவிடும் காலம் இது. ட்ரோன் எழும்பும், கோட்டை, கோணேசர் கோயில், உள்துறைமுகம், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் எல்லாம் ஒரே வீச்சில் தெரியும், பிறகு கணினி வரைந்த கட்டடங்கள் முளைக்கும். இந்த வகைப் படத்துக்குத் திருகோணமலையைப்போல வாய்ப்பான ஊர் இலங்கையில் வேறில்லை. நமக்குச் சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

உப்புவெளி, நிலாவெளிக் கரையை மேலிருந்து பாருங்கள். வெறும் மணல். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் ‘திறந்தவெளி’ என்று நிறம் தீட்டக் கை தானாகப் போகும். கரைவலை இழுக்கும் காலையில் அதே மணலில் நின்று எடுத்தால் கதை வேறு. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, தோணி வலையை வளைத்துப் போட்டு, மறு முனையைத் தொலைவில் கொண்டுவந்து சேர்க்கும். இரு பக்கத்தாரும் இழுக்க இழுக்க நெருங்கி வருவார்கள். கடைசியில் மடி கரையேறும். அந்த இடைவெளி முழுவதும் ஒரு பாடு, அதாவது ஒரு கரைவலை இழுப்பதற்குரிய கரைத்துண்டு. பின்னால் வாடி, வலை காயும் இடம், மீன் ஏற்றும் வண்டிக்கான வழி. வாடைக்காற்றுக் காலத்தில் கமராவோடு போனால் இவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படா. எந்த மாதத்தில் படமெடுத்தோம் என்பதே நிலத்தின் வகையைத் தீர்மானித்துவிடும்.

எப்போது எடுத்தோம் என்பதைப் போலவே படத்தில் யார் பேசுகிறார் என்பதும் முக்கியம். 1935இல் பிரிட்டனில் ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்த எல்டனும் ஆன்ஸ்டியும் சேரியில் வாழ்ந்தவர்களையே கமரா முன் பேசவைத்தார்கள். அன்று அது புதுமை. பணம் கொடுத்தது எரிவாயு வர்த்தகச் சங்கம் என்பதையும் மறக்கக்கூடாது! தீர்வு சொல்லும் கட்டத்தில் நிபுணர் குரல் வந்துவிடுகிறது. லீட்ஸ் நகரின் குவாரி ஹில் அடுக்குமாடியின் மாதிரி வடிவம் காட்டப்படுகிறது. அந்த அடுக்குமாடியை 1978இல் இடித்தார்கள். குறை சொல்ல மக்கள், தீர்வு சொல்ல நாங்கள் என்ற அதே பிரிவினைதான் நமது கலந்தாய்வுக் கூட்டங்களிலும் இருக்கிறது. இந்திய இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் 1985இல் எடுத்த ‘பம்பாய் நமது நகரம்’ ஆவணப்படம் இன்னும் நேர்மையானது: ஏழைகளைப் படமெடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று படக்குழுவையே ஒரு பெண் ஏசுகிறார், அந்தக் காட்சியைப் பட்வர்தன் வெட்டவில்லை.

மறுபடி நம் ஊருக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் இருக்க, அவர்களின் மண் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கும் சிறப்புப் பொருளாதார வலயத்துக்கும் குறிக்கப்பட்டது. அப்போது மேலிருந்து எடுத்திருந்தால் பற்றைக்காடுதான் தெரிந்திருக்கும். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட, உரியவர்கள் திரும்பிவரத் தொடங்கினார்கள்; மறு ஆண்டு நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது.

வரைவுத் திட்டத்தோடு படம் காட்டும் அலுவலகம், அதை எடுத்த மாதத்தையும் செலவு செய்தவர் பெயரையும் படத்திலேயே எழுதட்டும். மீனவர் சங்கம் கைபேசியில் எடுத்துத் தரும் காட்சியை, எழுத்தில் வரும் ஆட்சேபத்துக்குச் சமமாகப் பதிவேட்டில் ஏற்கட்டும். உங்கள் பிரதேசத்தில் அடுத்த வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது இவ்விரண்டையும் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எமக்கு எழுதுங்கள்.