என் பாக்கி நோட்டில் பால்வாடிக்கு ஒரு பக்கம்



எங்க வீட்டுத் திண்ணைச் சுவத்துல ஒரு பாக்கி நோட்டு தொங்கும். தோட்டத்துல விளையுறதுல பெரும்பகுதி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிரும். மிச்சத்தை ஊருக்குள்ளயே கொடுப்போம். டீக்கடைக்காரர், சமையல் மாஸ்டர், அக்கம்பக்கத்து வீடுங்கன்னு கடனுக்கு வாங்குறவங்க பேரெல்லாம் அந்த நோட்டுல இருக்கும். அதுல ஒரு பக்கத்துக்குத் தலைப்பு 'பால்வாடி'. இப்ப எல்லாரும் அங்கன்வாடின்னு சொன்னாலும் எங்க ஊர்ல அது இன்னும் பால்வாடிதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, களை எடுத்த ஆளுகளுக்குக் கூலி கொடுக்கணும், கையில காசு இல்ல. நோட்டைப் புரட்டினேன். பால்வாடி பக்கத்துல மூணு மாச பாக்கி 1,840 ரூபா நின்னுச்சு. மறுநாள் காலைல பால் சொசைட்டி வாசல்ல டீச்சரம்மாவைப் பாத்தேன். நாலு பேர் நிக்கிறாங்கன்னு கூட யோசிக்காம, "என்னம்மா, சர்க்கார் காசு வந்துச்சா, இல்ல வந்து உங்க வீட்டுச் செலவுக்குப் போயிருச்சா?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. "சாயங்காலம் கொடுத்து விடுறேன் அண்ணே"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு. சொன்ன மாதிரியே ஆயாகிட்ட முழுப் பணத்தையும் கொடுத்து விட்டுச்சு.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரி சொன்னா: "அது மகளிர் குழுவுல கடன் வாங்கின காசுங்க. சர்க்கார் பணம் இன்னும் வரல." எனக்குச் சோறு இறங்கல.

மறுநாள் பால்வாடிக்கே போய், "தப்பாப் பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டுச்சு. என்னை மாதிரியே ஒரு கணக்கு நோட்டு. ஒரே வித்தியாசம், என் நோட்டு எனக்கு வர வேண்டிய காசு. அந்த நோட்டு, கையில இருந்து போன காசு. கத்தரிக்காய், கீரை, தக்காளி, கருவேப்பில, சிலிண்டர், போன் ரீசார்ஜ், ரெஜிஸ்டர் ஜெராக்ஸ், விளக்குமாறு, பினாயில், பல்பு, மீட்டிங்குக்குப் போய் வர பஸ் சார்ஜ். இதுல சிலது பின்னால வரும், சிலது பாதி வரும், சிலது வரவே வராது. எந்த மாசம் பாத்தாலும் எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்குக் குறையல.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது எப்படி நடக்குதுன்னு சொல்லணும். பால்வாடிக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பொருளா வந்து இறங்கும். முட்டையும் அப்படித்தான். அதுவரைக்கும் கஷ்டமில்ல. ஆனா காய்கறியும் கேஸும் பொருளா வராது, காசா வரும். அந்தக் காசு முன்னால வராது, பின்னால வரும். தினமும் பிள்ளைகளுக்கு உலை வைக்கணும். பணம் வர்ற வரைக்கும் பசியை நிறுத்தி வைக்க முடியுமா? அதனால டீச்சர் முதல்ல போடணும். டீச்சர் கையில இல்லேன்னா என்னைப் போல ஒருத்தன் கடன் கொடுக்கணும். ஆக சர்க்கார் திட்டத்துக்கு முதல் போடுறது யாருன்னு பாருங்க. சம்பளத்துல இருந்து ஒரு பொம்பளையும், நோட்டுல எழுதி ஒரு விவசாயியும்.

அடுத்தது விலை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் காய்கறிக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை கட்டி வச்சிருக்காங்க. சின்னத் தொகை. அது மார்க்கெட்டைப் பாத்து ஏறி இறங்காது. 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டுனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். டவுன்ல நீங்க தக்காளி இல்லாம ரசம் வச்சீங்க. அந்த மாசம் எங்க டீச்சரம்மா கால் கிலோ தக்காளியில மொத்தப் பிள்ளைகளுக்கும் சாம்பார் வச்சுச்சு, அதுவும் கைக்காசுல. சிலிண்டரும் இதே கதைதான். 2023 மார்ச்ல சென்னையில வீட்டு சிலிண்டர் 1,118 ரூபா 50 காசு. அப்புறம் ஆகஸ்டு கடைசியில 200 குறைஞ்சது, மறு வருசம் மார்ச்ல இன்னொரு 100 குறைஞ்சது. விலை உச்சத்துல நின்ன மாசங்கள்ல எங்க பால்வாடிக்கு வந்த கேஸ் காசு அதுக்குப் பக்கத்துல கூட வரல. சிலிண்டருக்கு முழுத் தொகையும் கொடுங்கன்னு அங்கன்வாடி ஊழியர்கள் எத்தனையோ போராட்டத்துல கேட்டுட்டாங்க.

மூணாவது போன். 2021ல இருந்து போஷன் டிராக்கர்னு ஒரு ஆப் வந்திருக்கு. பிள்ளையோட எடை, உயரம், வருகை எல்லாம் அதுல ஏத்தணும். துறையில கொடுத்த போன் பழசாகித் திணறுதுன்னு எங்க டீச்சரம்மா தன் மகன் படிக்கிற போன்ல ஏத்துது. எங்க ஊர்ல சிக்னல் மொட்டை மாடியிலதான் கிடைக்கும். பிள்ளைகளை ஆயாகிட்ட விட்டுட்டு மாடிப்படியில நின்னு ஏத்துறதை நானே பாத்திருக்கேன்.

இவங்க வாங்குறது என்னன்னு பாருங்க. ஒன்றிய அரசு நிர்ணயிச்ச தொகை 2018ல ஊழியருக்கு மாசம் 3,000ல இருந்து 4,500 ஆச்சு. உதவியாளருக்கு 1,500ல இருந்து 2,250. மாநில அரசு அதுக்கு மேல போட்டுக் கொடுக்குது. ஒன்றிய அரசு இதைச் சம்பளம்னு சொல்றதில்ல, மதிப்பூதியம்னுதான் சொல்லுது. இவங்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு சொல்லவே 2022ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. இந்த வருமானத்துல இருந்துதான் அந்த எழுநூறு, எண்ணூறு போகுது.

இதைச் சொன்னா ரெண்டு பேச்சு வரும். ஒண்ணு, "அடடா, என்ன ஒரு தியாகம்!" இன்னொண்ணு, "அட போய்யா, அரிசி பருப்புல எடுத்துக்க மாட்டாங்களா?" எனக்கு ரெண்டுமே பிடிக்கல.

முதல் பேச்சுக்கு வர்றேன். தியாகம்னு சொல்லி ஒரு சால்வை போத்திட்டா அதோட விசயம் முடிஞ்சு போகுது. காசு வரலங்கிறது அப்படியே நிக்குது. தியாகம்னா அவங்களா விரும்பிச் செய்யணும். இது வேற வழியில்லாம செய்யுறது. நீங்க கம்பெனி வேலையா வெளியூர் போனா டாக்ஸி பில்லு, சாப்பாட்டு பில்லு எல்லாம் வச்சு காசை வாங்கிடுவீங்க. அது நியாயம்தான். அதே நியாயம் தக்காளி வாங்குற டீச்சருக்கு ஏன் இல்ல? உங்க வீட்டு வாசல்ல சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டாந்து கொடுக்கிற தம்பியைக் கேட்டுப் பாருங்க. வண்டி அவனுது, பெட்ரோல் அவனுது, போனும் அவனுது. பேரு மட்டும்தான் கம்பெனியோடது. இந்த வியாதி எங்க ஊர்ல மட்டும் இல்ல.

ரெண்டாவது பேச்சுதான் முக்கியம். எடுத்துக்கிறவங்க இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். காய்கறிக் காசு பத்தல, பணமும் லேட்டு. இப்ப ஒரு டீச்சருக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கைக்காசு போடலாம். இன்னொண்ணு, பதினஞ்சு பிள்ளை வந்த நாள்ல இருபத்திரெண்டுன்னு எழுதி, வராத பிள்ளை காசுல வந்த பிள்ளைக்குக் காய் வாங்கலாம். முதல் வழியில போறவங்களுக்குக் கடன். ரெண்டாவது வழியில போறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதாவது, நேர்மையா இருக்கிறவங்களுக்குத்தான் அபராதம். ஒரு தடவை பொய் எழுதிப் பழகின கை அப்புறம் காய்கறியோட நிக்காது. அந்தப் பொய்க் கணக்கை வச்சுத்தான் மேல இருக்கிறவங்க எத்தனை பிள்ளைக்குச் சத்து போய்ச் சேந்துச்சுன்னு பாக்குறாங்க. அவங்க பாக்குறதும் பொய்தான். எழுநூறு எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், மொத்தக் கணக்கையும் கெடுக்கிற வேலை இது.

இந்த நாட்டுக்கே வழிகாட்டின ஊரு நம்ம ஊரு. காமராசர் 1956ல மதிய உணவு ஆரம்பிச்சாரு. எம்.ஜி.ஆர். 1982ல சத்துணவுன்னு பெருசாக்குனாரு. நானும் பள்ளிக்கூடத்துல தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னவன்தான். அன்னைக்கு எனக்குச் சோறு போட்டவங்க கையில இருந்து எவ்வளவு போட்டாங்கன்னு இப்பதான் யோசிக்கிறேன்.

இதுக்கு வைத்தியம் ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல. ஒண்ணு, காய்கறிக் காசை மாசக் கடைசியில தராம, மாசம் பொறக்குறப்பவே முன்பணமா கொடுங்க. செலவழிச்சதுக்கு அப்புறம் கணக்கு கேளுங்க, தப்பே இல்ல. ரெண்டு, தொகையை உழவர் சந்தை விலையோட கட்டுங்க. 1999ல ஆரம்பிச்ச உழவர் சந்தையில தினமும் போர்டுல விலை எழுதுறாங்க. சர்க்கார் எழுதுற விலைதானே, அதை சர்க்காரே நம்பலாமே! மூணு, சிலிண்டருக்கு ரசீதுல உள்ள தொகையை முழுசா கொடுங்க. நாலு, ஆப்ல ஏத்தச் சொன்னா வேலை செய்யுற போனைக் கொடுங்க.

நான் என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. பால்வாடிக்குப் பின்னால ரெண்டு முருங்கைக் குச்சி ஊனிக் கொடுத்தேன், ஒரு பாத்தி கீரை போட்டுக் கொடுத்தேன். நல்லாத்தான் வருது. ஆனா முருங்கை மரத்துல சிலிண்டர் காய்க்காது. போன அக்டோபர் 2 கிராம சபையில எந்திரிச்சு இதைப் பேசினேன். தீர்மானத்துல எழுதச் சொல்லி, எழுதின பிறகுதான் உக்காந்தேன். இன்னும் பதில் வரல. அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்.

உங்க தெருவுலயும் ஒரு அங்கன்வாடி இருக்கும். தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கு மேல இருக்கு. ஒரு நாள் போய், "இந்த மாசம் கைக்காசு எவ்வளவு போட்டீங்கம்மா?"ன்னு கேளுங்க. பணம் கொடுக்கச் சொல்லல. கேட்டதை உங்க கவுன்சிலர்கிட்ட, எம்.எல்.ஏ.கிட்ட சொல்லுங்க. நாங்க கேட்டா மனுவோட போயிரும். படிச்சவங்க நீங்க கேட்டா கொஞ்சம் காதுல விழும்.

இன்னைக்குத் தேதிக்கு அந்தப் பக்கத்துல 960 ரூபா நிக்குது. அது டீச்சரம்மா கடன் இல்லேன்னு எனக்கு இப்ப தெரியும். அதனால மேல இருந்த 'பால்வாடி'யை அடிச்சிட்டு 'சர்க்கார்'னு எழுதி வச்சிருக்கேன்.