சொந்த முத்திரையில் இரத்தப் பரிசோதனை

பிழைப்பின் நிமித்தம் பிறந்த ஊரை விட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறிய நம்மவர்களுக்கு இங்கே எத்தனையோ நலன்கள் வாய்த்திருக்கின்றன. ஆயினும் விட்டு வந்தவர்களுள் ஒருவரை மட்டும் நாம் எளிதில் ஈடு செய்ய முடிவதில்லை. அவரே நம் ஊர்க் குடும்ப வைத்தியர். நாடியைப் பிடிக்கும்போதே, "உன் தகப்பனாருக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லக்கூடியவர் அவர். புது ஊரிலோ நாம் பெயர்ப் பலகையைப் பார்த்தே படியேற வேண்டியிருக்கிறது. ஆகவே அப்பலகைகளில் எழுதியிருப்பது யாது, எழுதாமல் விடப்பட்டது யாது என்பதைச் சற்று ஊன்றிப் பார்ப்பது நம் கடமையாகின்றது.

இப்பொழுது நகரங்கள் தோறும் உணவு ஆலோசனை நிலையங்கள் பெருகி வருகின்றன. உடற்பருமனைக் குறைக்கவும், நீரிழிவைக் கட்டுக்குள் வைக்கவும், முடி உதிர்வதை நிறுத்தவும் இன்னது உண்க, இன்னது தவிர்க்க என்று அவை வழி கூறுகின்றன. இது நல்ல தொழிலே. ஆனால் இவற்றுள் சில, ஆலோசனையோடு நில்லாமல், இரத்தப் பரிசோதனையையும் தம் சொந்தப் பெயரில் நடத்தத் தொடங்கியிருக்கின்றன. குழாயின் மேலும் நிலையத்தின் பெயர். சீட்டின் மேலும் நிலையத்தின் முத்திரை. பார்ப்பவர், இவர்களிடமே ஒரு பெரிய சோதனைச்சாலை இருக்கிறது போலும் என்று எண்ணுவது இயல்பு.

உண்மை அதுவன்று. இரத்தம் எடுப்பது மட்டுமே இங்கே நடைபெறும். சோதனை வேறொரு பெரிய கூடத்தில் நடக்கும். அக்கூடம் மொத்த விலைக்குச் சோதனை செய்து, முடிவை நிலையத்தின் பெயரில் அச்சிட்டுக் கொடுத்துவிடும். மொத்த விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடே நிலையத்தின் ஊதியம். நெய்தவர் ஒருவர், முத்திரை குத்தி விற்பவர் ஒருவர் என்று துணிக்கடையில் நாம் காணும் வழக்கந்தான் இரத்தத்துக்கும் வந்திருக்கிறது.

இவ்வழக்கத்துக்கு இடமளித்த மாறுதலில் தமிழர் ஒருவருக்கும் பெரும்பங்கு உண்டு. கோவை மாவட்டத்து அப்பநாயக்கன்பட்டி புதூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் வேலுமணி, 1996 இல் தைரோகேர் என்னும் நிறுவனத்தை நிறுவினார். நாடெங்கும் சேகரிப்பு நிலையங்கள். இரவோடிரவாக விமானத்தில் பயணம் செய்யும் மாதிரிகள். ஒரே இடத்தில் பெருங்கூடம். இம்முறையால் சோதனைகளின் விலை வெகுவாகக் குறைந்தது. 2021 இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. எளியவருக்கும் சோதனை எட்டியது என்பதில் நாம் மகிழவே வேண்டும். ஆனால் சோதிப்பவர் தொலைவிலும், சேகரிப்பவர் அண்மையிலும் இருக்கும் ஏற்பாடு பரவிய பின், யார் வேண்டுமானாலும் சேகரிப்பவர் ஆகலாம் என்ற நிலையும் உடன் வந்தது.

இதனால் நேரும் இடர்ப்பாடு யாது என்று அன்பர்கள் வினவலாம். நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் செய்தியை, அவர்கள் இசைவு பெற்று, ஊரும் பேரும் கூறாமல் இங்கே எழுதுகிறோம்.

குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. இல்லத்தரசிக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. சில மாதங்களாகவே ஓயாத களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சீவினால் முடி கொத்தாக வரும். அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு ஓர் உணவு நிலையத்துக்குச் சென்றார். எண்பது சோதனைகள் அடங்கிய தொகுப்பு எடுக்கப்பட்டது. வழவழப்பான தாளில் பல பக்கங்களுக்குச் சீட்டு வந்தது. முதற் பக்கத்தில் டி வைட்டமின் குறைவு என்று சிவப்பெழுத்து. அடுத்ததில் பி12 குறைவு. ஆறு மாத உணவுத் திட்டமும் இரண்டு டப்பா சத்துமாவும் பரிந்துரைக்கப்பட்டன. வீட்டிலிருந்த மாமியாருக்கு ஆங்கிலமும் தெரியாது, தெலுங்கும் சரிவரத் தெரியாது. "இத்தனை பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும்" என்றார் அவர்.

மூன்று மாதங்கள் சென்றன. களைப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. ஒருநாள் சமையலறையில் மயங்கி விழவே, வேலூருக்கு அழைத்துச் சென்றார்கள். மருத்துவ அம்மையார் பழைய சீட்டைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் ஒரு மூலையில் ஹீமோகுளோபின் 8.2 என்று இருந்தது. அவர் கேட்ட முதற் கேள்வி, "மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா, அம்மா?" என்பதே. ஓராண்டாகவே அப்படித்தான் என்றார் இவர். கருப்பையில் கட்டிகள் இருப்பது பின்னர் தெரிய வந்தது. நல்லவேளையாக அவை தீங்கற்ற கட்டிகள். சிகிச்சைக்குப் பின் அவர் இப்பொழுது நலமாக இருக்கிறார்.

இங்கே சோதனை பொய் சொல்லவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். எண் சரியான எண்ணே. பெண்களுக்கு 12 இருக்க வேண்டியது 8.2 ஆக இருந்தது. அது சீட்டில் அச்சாகியும் இருந்தது. அந்த எண் ஏன் வந்தது என்று கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. இருந்தவருக்கோ விற்க வேண்டிய பொருள் வேறாக இருந்தது. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர்கள். இவ்வளவு பரவலான நோயை ஒரு மூலையில் அச்சிட்டு விட்டுவிடுவது சிறு பிழையன்று.

எண்பது சோதனை என்ற சொல்லையும் சற்று ஆராய்வோம். இரத்த அணுக்களின் எண்ணிக்கை என்ற ஒரே சோதனையில் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் வருகின்றன. ஒவ்வோர் எண்ணையும் ஒரு சோதனையாகக் கணக்கிட்டால் தொகை பெருகத்தானே செய்யும்? மேலும், இயல்பான அளவு என்று சீட்டில் அச்சிடப்படும் எல்லை, பெரும்பாலும் நலமுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருடைய அளவு அடங்குமாறு வகுக்கப்படுவது. எஞ்சிய ஐவர் நோயின்றியே எல்லைக்கு வெளியே நிற்பர். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை நலமுள்ள ஒருவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றாவது எல்லை தாண்டி நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 64. ஆகவே தொகுப்பு பெரிதாக ஆக, சிவப்பெழுத்து வருவது ஏறக்குறைய உறுதி. சிவப்பெழுத்து வந்தால் அச்சம் வரும். அச்சம் வந்தால் டப்பாவும் வரும். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நலமுள்ள வயது வந்தோருக்கு டி வைட்டமின் அளவை வழக்கமாகச் சோதிக்க வேண்டியதில்லை என்றே கூறியிருக்கிறது.

அடுத்தது பயணம். சித்தூரில் எடுத்த இரத்தம் சென்னைக்கோ, பெங்களூருக்கோ, ஐதராபாத்துக்கோ போக வேண்டும். குழாய்க்குள் இருக்கும் இரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை; சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்கப்படாத இரத்தத்தில் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை சர்க்கரை குறையும். இதைத் தடுக்கவே ஃபுளோரைடு கலந்த, சாம்பல் நிற மூடியுடைய குழாய் இருக்கிறது. திருப்பதிக் கோடையின் வெப்பத்தில் இருசக்கர வண்டிப் பெட்டியில் நெடுநேரம் கிடந்த குழாய், நீரிழிவு உள்ளவரை இல்லாதவராகக் காட்டினும் வியப்பில்லை. கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரும்புச் சத்துக் குறைவால் சோகையுற்றவருக்கு அந்த எண் உள்ளதைவிட உயர்ந்து காட்டக்கூடும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரே படிக்க வேண்டும்.

முடி வளர்ச்சிக்கென்று தரப்படும் பயோட்டின் மாத்திரையும் சில வகைச் சோதனைகளைக் குழப்பும். தைராய்டு அளவுகள் மட்டுமன்றி மாரடைப்பைக் கண்டறியும் சோதனையும் தவறக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. மாத்திரையைத் தாமே விற்று, சோதனையையும் தாமே செய்து, தைராய்டு கோளாறு என்று தாமே கூறும் நிலை வந்தால் நோயாளியின் கதி யாது?

எந்தெந்த உணவு உடலுக்கு ஒவ்வாது என்று காட்டுவதாகக் கூறி, ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருளை அளக்கும் விலையுயர்ந்த சோதனை ஒன்றும் இத்தொழிலில் உலகெங்கும் விற்கப்படுகிறது. அவ்வெதிர்ப்பொருள் நாம் உண்டு பழகிய உணவைக் காட்டுமேயன்றி ஒவ்வாமையைக் காட்டாது என்று ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008 இலும், கனடா நாட்டுச் சங்கம் 2012 இலும் எடுத்துரைத்துள்ளன. இச்சீட்டை நம்பிக் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்தும் தாய், பிள்ளையின் வளர்ச்சியையே நிறுத்துகிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளியையோ சோதனைப் பொருளையோ அனுப்புவதற்குத் தரகு பெறலாகாது என்று தடுக்கின்றன. ஆனால் அவ்விதிகள் மருத்துவர்களையே கட்டுப்படுத்துவன. உணவியலாரையும் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கென்று நாடாளுமன்றம் 2021 இல்தான் தனிச் சட்டம் இயற்றியது. சோதனைச் சீட்டில் நோய்க்குறியியலில் மேற்பட்டம் பெற்ற மருத்துவரே ஒப்பமிட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் உறுதி செய்தது. பின்னர் வந்த விதிகள் சிறு கூடங்களுக்குச் சில தளர்வுகள் தந்தன என்பதும் உண்மை.

நிற்க. உணவியலாரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் அமர்ந்து நம் சமையலறையை ஆராய்ந்து நல்வழி சொல்பவருக்குக் கூலி கொடுக்க நம்மில் எத்தனை பேர் மனமுவந்து முன்வருகிறோம்? வெறும் சொல்லுக்குப் பணமா என்கிறோம். அதே பணத்தைத் தாளுக்கும் டப்பாவுக்கும் தயங்காமல் தருகிறோம். ஆகவே அவர்களும் தாளையும் டப்பாவையும் நாடுகிறார்கள். இதில் நம் குற்றமும் கலந்தே இருக்கிறது. சோதனை முடிவை வைத்து உணவைத் திருத்துவது முறையான செயலே. நீரிழிவுக்காரருக்கு அது இன்றியமையாதது.

உணவியல் கல்விக்கு நம் மண்ணில் பழம்பெருமையும் உண்டு. 1918 இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்து ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்பார் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சிக் கூடம் 1958 இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969 இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. நம்மைப் போலவே தமிழகத்தில் பிறந்து தெலுங்கு நாட்டில் வேரூன்றிய நிறுவனம் அது! அந்நிறுவனம் 2024 இல் வெளியிட்ட 17 உணவு நெறிகளில், உடலை வளர்க்கப் புரதப் பொடிகளை நாடாதீர் என்பதும் ஒன்று. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. நாம் களி என்பதை இங்குள்ளோர் சங்கடி என்கிறார்கள். அதனோடு வேர்க்கடலைத் துவையலும் ஒரு கீரையும் சேர்த்தால், எந்த டப்பாவுக்கு அது குறைந்தது?

இனி, சொந்த முத்திரையுடன் சோதனை செய்துகொள்ள அழைக்கப்படும் அன்பர்கள் கேட்க வேண்டியவை சில. முதலாவது, இரத்தம் எந்தக் கூடத்துக்குப் போகிறது, அக்கூடத்துக்குத் தேசியத் தரச்சான்று வாரியத்தின் அங்கீகாரம் இச்சோதனைக்கு உண்டா என்பது. இரண்டாவது, சீட்டில் ஒப்பமிடும் மருத்துவர் யார், அவருடைய பதிவு எண் யாது என்பது. மூன்றாவது, நம் உடலில் என்ன குறை கண்டு இச்சோதனையைச் சொல்கிறார்கள் என்பது. குறை ஒன்றும் கூறாமல் தொகுப்பை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடலாம். நான்காவது, இதே சோதனையை நாம் விரும்பும் இடத்தில் செய்துகொண்டு வந்தால் ஏற்பார்களா என்பது. ஏற்க மறுப்பவர் நம் நலத்தைக் காட்டிலும் தம் வரும்படியைக் கருதுகிறார் என்று கொள்ளலாம். ஐந்தாவது, முடிவு மாறுபாடாக வந்தால் எந்த மருத்துவரிடம் அனுப்புவார்கள் என்பது.

இக்கேள்விகளைக் கேட்கத் தெலுங்குப் புலமை தேவையில்லை. கூச்சத்தை விட்டால் போதும். வீட்டில் பழைய சீட்டுகள் வைத்திருப்போர், அவற்றை ஆண்டு வரிசையில் ஒரே கோப்பில் சேர்த்து, எந்த மருத்துவரிடம் சென்றாலும் கொண்டு செல்லுங்கள். நம்மை மூன்று தலைமுறையாக அறிந்த ஊர் வைத்தியர் இங்கே இல்லை. அவர் நினைவில் வைத்திருந்ததை இனி அந்தக் கோப்புதான் வைத்திருக்க வேண்டும். சென்ற வாரம் அவ்வம்மையார் சங்கத்துக்கு வந்திருந்தபோது, தம் கோப்பைக் கையோடு கொண்டு வந்து காட்டினார். ஹீமோகுளோபின் எண்ணைத் தாமே சிவப்பு மையால் வட்டமிட்டு, எதிரில் தேதியும் குறித்து வைத்திருந்தார். கடைசி எண் 11.6.